எலிக்கு எதற்குச் சட்னி?

ஜூலை 3

பெயிண்ட் கம்பெனி இனாமாகக் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று அதற்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. குளித்தலை மாநகரின் வண்ணச் சக்கரவர்த்தியும், தண்டபாணி பெயிண்ட்ஸ் அதிபரும், காவிரித் தென்கரை முழுவதும் சுவர் கண்ட இடமெல்லாம் புகழ் பூசியவனுமாகிய நான் என் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறேன்.

அக்கா மகள் நித்திலாவுக்குக் கல்யாணம். ஆகஸ்ட் 29 காலையில் முகூர்த்தம். மண்டபம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், முசிறியில். முதல் நாள் மாலை பெண்ணழைப்பு. எங்கள் குடும்பத்தில் பெண்ணை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு வண்டி ஓட்டுவது தாய்மாமன்தான். வாடகை வண்டியோ கூலி டிரைவரோ ஆகாது. என் அக்கா கோமளவல்லியை எங்கள் மாமா டிராக்டரில் கொண்டுபோய் இறக்கினார். பட்டுப்புடவையும் டீசல் புகையுமாக அவள் இறங்கிய கோலத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோனதாகக் கேள்வி.

ஆக, நித்திலாவை நான்தான் வண்டியில் கூட்டிப்போக வேண்டும். என் வெள்ளை கார் ஐராவதம் தயார்தான். ஒரே ஒரு தடங்கல், எலி. பங்குனி மாதம் ஒரு எலி உள்ளே புகுந்து ஒயரையெல்லாம் கடித்துவிட்டது. சாதாரண எலியா அது! பூனைகள் தெரு மாறி நடக்கும்.

இதை நித்திலாவிடம் சொன்னபோது அவள் என்னையே பார்த்தாள்.

"மாமா, எங்கிட்ட எலிக்கதை வேண்டாம். அன்னைக்கு வண்டியில நான் இருந்தேன்."

இருந்தாள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பாலத்தின் நடுவில் எனக்குக் கொஞ்சம் வாயுத்தொல்லை. வண்டியை நிறுத்தினேன். கை ஸ்டியரிங்கை விட்டு வரமாட்டேன் என்றது, சட்டை முழுவதும் வேர்வை. பால் வண்டிக்காரர் ஒருவர்தான் ஐராவதத்தை ஓட்டிவந்து வீட்டில் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, "இதயத்துல ஒண்ணுமில்ல, மனசுவிட்டு யார்கிட்டயாவது பேசுங்க" என்றார்கள். பேசுவதா! ஊரில் என் பேச்சுக்குப் பயந்து கடைப்பக்கம் வராதவர்களே பாதிப் பேர்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு உங்களுக்கு ஆன்லைன் கவுன்சிலிங் போட்டுட்டேன்" என்றாள் கழுதை. "அத்தைகிட்ட தூக்கம் வரலைன்னு சொல்லிக்கங்க."

ஜூலை 5

கவுன்சிலிங் என்றால் என்ன எதிர்பார்ப்பது? தெரியாத எதையும் முழு அலங்காரத்தோடு சந்திப்பது என் வழக்கம். பட்டுவேட்டி, நெற்றி நிறைய விபூதி. ஹாலில் சாமி படங்களுக்குக் கீழே லேப்டாப். என் மனைவி பூங்கொடி கேசரி கிண்டியிருந்தாள். அடுத்த வீட்டிலிருந்து அக்கா புதுப்புடவை கட்டி வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மொத்தத்தில் லேப்டாப் என்னைப் பெண் பார்க்க வருகிற மாதிரி இருந்தது.

திரையில் ஒரு பெண்மணி தோன்றினார். பெயர் பெனிட்டா, ஊர் நாகர்கோவில். நிதானமான குரல்.

"வணக்கம் சார். உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லைங்க மேடம்."

"நான் அவன் அக்கா, கோமளவல்லி. நல்லாருக்கியாம்மா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அதே நேரத்தில் கேமராவுக்கு முன்னால் ஒரு கேசரித் தட்டு நீண்டது.

பெனிட்டா மேடம் சிரித்தே விட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நாங்கள் பேசுவது எங்களுக்குள்ளேயே இருக்கும், என் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டுமே வெளியே சொல்வார். அதற்காக ஒருவர் பெயரும் போன் நம்பரும் வேண்டும். நான் தனியாக உட்கார ஓர் இடமும் வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தானாம். மாத்திரை எழுதித் தரமாட்டார். அறிவுரையும் கிடையாது.

அறிவுரையை எதிர்த்து வாதாட ராத்திரியெல்லாம் பாயிண்டு பாயிண்டாகத் தயாரித்து வைத்திருந்தவன் நான்.

"அறிவுரையே சொல்ல மாட்டீங்களா? அப்ப எனக்கு எப்படிங்க சரியாகும்?"

"சேர்ந்து பாக்கலாம் சார். உங்களுக்கு என்ன சரியாகணும்?"

பின்னால் அக்கா மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "தூக்கம்" என்றேன்.

முடிந்ததும் அக்காவுக்கு ஏகப்பட்ட வருத்தம். "நித்திலாவுக்கு வரப்போற மாமியார் எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லடா?"

ஜூலை 7

மேடத்துக்கு ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பினேன். நேற்றும் அனுப்பினேன், தாமரை. பதில் வந்தது: "நன்றி சார். இந்த நம்பர் அப்பாயிண்ட்மெண்ட் நேரம் மாத்த மட்டும். மத்ததை சனிக்கிழமை பேசலாம்." ராஜதந்திரிகள்கூட இவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்தியதில்லை.

ஜூலை 10

தனியிடம் தேடி அலைகிறேன். மொட்டைமாடியில் பக்கத்து வீட்டம்மா வடகம் காயவைத்துக்கொண்டு காதையும் இந்தப் பக்கம் காயவைக்கிறார். கடையில் நான் வாயைத் திறந்தாலே நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். குளியலறையில் பேசினால் குரல் அசரீரி மாதிரி தெருவுக்குக் கேட்கிறது. இருநூறு நாடுகள் கொண்ட இந்த உலகத்தில் தண்டபாணி தனியாக உட்கார ஓர் இடமில்லை.

இருக்கிறது ஒரே ஓர் இடம். கார் ஷெட்.

ஜூலை 12

ஐராவதத்தின் மேலிருந்த உறையை விலக்கி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு முன்னால் போனை நிறுத்தினேன். உட்கார்ந்ததும் வாயுத்தொல்லை லேசாக ஆரம்பித்தது. ஷெட்டில் புழுக்கம், அதனால்தான்.

மேடத்திடம் எலியைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அதன் மீசை, அதன் வீரம், இரும்பையே மெல்லும் அதன் பல்.

"அந்த எலி எப்ப வந்துது சார்?"

"பங்குனியில."

"வண்டிய கடைசியா ஓட்டினது?"

"பங்குனியில."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படியே கொஞ்ச நேரம் போனதும் நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ! ஹலோ மேடம்! கேக்குதுங்களா?" என்று கத்தினேன். தெரு நாய் இரண்டு பதில் சொல்லின.

"இருக்கேன் சார். நீங்க யோசிக்கட்டும்னுதான் பேசாம இருந்தேன்."

பேசாமல் இருப்பதற்கும் ஒரு படிப்பு உண்டென்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 13

ஒரு விபரீதம். பூங்கொடி கடைத்தெருவில் எலிப்பொறி வாங்கி வந்து, மசால்வடை சுட்டு, கம்பியில் குத்தி, காருக்குள் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள். "கல்யாணத்துக்குள்ள அத பிடிச்சாகணுங்க" என்கிறாள்.

வடை அப்படியே இருந்தால் எலி இல்லை என்று ஆகிவிடும். வேறு வழியில்லை. விரலைப் பணயம் வைத்து வடையை எடுத்து நானே தின்றேன்.

ஜூலை 14

"பாத்தீங்களா, வடைய காணோம்! பொறிக்கும் சிக்கல! பலே எலிதான்" என்றாள். இன்று இரண்டு வடை.

ஜூலை 17

எலிக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 19

மூன்றாவது முறை. இன்று ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி பேசலாமா என்று கேட்டார் மேடம். வைத்தேன். புழுக்கத்தில் கை நடுங்கியது.

"கண்ணுல படுறத எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லுங்க சார். கலரு சொன்னாலும் போதும்."

என்னிடமா கலர் கேட்கிறார்! ஷெட் கதவு, மழையில் ஊறின தகரம். அதற்கு மேலே ஓட்டைக்குள் தெரிந்த வானம், துவைத்து வெளுத்த ஊதா. மூலையில் மண்வெட்டிக் காம்பு, பழைய பனைவெல்லம். சொல்லச் சொல்ல நடுக்கம் அடங்கிவிட்டது. உலக வைத்திய சாஸ்திரத்தில் பெயிண்ட் கடைக்காரர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை.

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "பக்கத்து சீட்டுல வழக்கமா யார் உக்காருவாங்க?"

நான் ஒரு ஜோக் சொன்னேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடியும் பேசாமல் இருந்தார். "மேடம், டைம் ஆயிடுச்சு போலருக்கே" என்றேன். இன்னும் நேரம் இருந்தது.

இறங்கும்போது சிமெண்ட் மூட்டை நூறு சுமந்த அலுப்பு. சில நாள் பேசியபிறகு பாரம் கூடின மாதிரி இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பேசாததற்கே இப்படியா?

பூங்கொடி என் கண்ணைப் பார்த்து, "என்னங்க, சிவந்திருக்கு?" என்றாள். "ஷெட்டுல தூசி" என்றேன்.

ஜூலை 20

இன்று எலிப்பொறியில் வடை. பொறிக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னி.

பூங்கொடிக்கு எலிகளின் சாப்பாட்டு முறை தெரியாது போலிருக்கிறது. பாவம், படித்தது வணிகவியல்.

சட்னி நன்றாக இருந்தது.

ஜூலை 23

பத்திரிகை வைக்கக் கரூர் போனோம், பஸ்ஸில். பெரியப்பா வீட்டில் காப்பி குடிக்கும்போது எல்லோரும், "தண்டபாணி, அந்த எருமை கதைய சொல்லு" என்றார்கள். ஒருத்தர் தன் எருமை நிறத்திலேயே கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்று எருமையையே என் கடைக்கு ஓட்டிவந்த கதை. முன்பெல்லாம் நான் அதைச் சொன்னால் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியே நிற்கும்.

"மறந்துபோச்சு" என்றேன்.

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காப்பியை ஆற்றினாள். ஏற்கெனவே ஆறிப்போன காப்பி.

ஜூலை 26

சொல்லிவிட்டேன்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது என் அத்தான், நித்திலாவின் அப்பா. இரண்டு வருஷமாகிறது. "நெஞ்சு கொஞ்சம் பிடிக்குதுடா, டாக்டர பாத்துட்டு வந்துரலாம்" என்றார். அவருக்குப் பழக்கமான டாக்டர் முசிறியில் இருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று எருமைக் கதையை எடுத்துவிட்டேன். பாலம் ஏறும்போது எருமை என் ஷேடு கார்டை, அதாவது பெயிண்ட் நிறங்களைக் காட்டும் அட்டையை, தின்ற இடம் வந்தது. அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டு, அவர் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. நல்ல இடத்தில் சிரிக்காத மனிதரா அவர் என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தப் பாலத்தில் எந்த விளக்குக் கம்பத்தில் அவர் சிரிப்பு நின்றதென்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தேன். பங்குனியில் முதல் தடவையாக நானே ஓட்டிப்போய்த் திரும்பியபோது, அதே சீட்டில் நித்திலா உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். அப்படியே அவள் அப்பா சிரிப்பு. அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்தினாள். அவ்வளவுதான். கை பூட்டிக்கொண்டது.

இத்தனையும் சொல்லி முடித்து மேடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா அவரு என்ன செஞ்சிட்டிருந்தாரு சார்?"

"சிரிச்சிட்டிருந்தார்."

இதை நானே என் வாயால் சொன்னேன். இரண்டு வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 27

பகலெல்லாம் தூங்கினேன். தூக்கம் வரவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோமே என்ற கவலைகூட இல்லாமல்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பதினெட்டு. காவிரி கரை கொள்ளவில்லை. அக்காவும் பூங்கொடியும் கடம்பந்துறையில் மஞ்சளும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் நழுவிப் பாலத்துக்குப் போனேன். நடந்துதான்.

தண்ணீர் சுக்குக் காப்பி நிறம், வெயில் விழுந்த இடத்தில் புதுப் பித்தளை. ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுக்கொண்டு நடுப்பாலம் வரை போனேன். எந்தக் கம்பமும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றபடி எலுமிச்சஞ்சாதம் தின்றுகொண்டிருந்தது. "சாப்பிடறீங்களா சார்?" என்றார்கள். சாப்பிட்டேன். அந்த இடத்தில் நான் எலுமிச்சஞ்சாதம் சாப்பிடுவேன் என்று சோதிடர்கள் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆகஸ்ட் 9

இன்று நடந்ததை உலகம் நம்பாது. பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் விட்டு விட்டு வந்தது. மேடத்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஷெட்டில் இப்படித்தான், தெரு முனை வேப்பமரத்தடியில் நன்றாகக் கிடைக்கும். அவர் ஏதோ முக்கியமாகச் சொல்ல வந்தார். கேட்கும் அவசரத்தில் நான் சாவியைத் திருப்பி...

"சார். சார், உங்க பின்னாடி ஒரு வீடு நகருது."

பார்த்தேன். நகர்ந்தது வீடு இல்லை. ஐராவதம் ரிவர்ஸில் ஷெட்டை விட்டு வெளியே வந்து, தெருவில் திரும்பி, வேப்பமரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனையும் என் கைதான் செய்திருந்தது.

"ஓரமா நிறுத்துங்க சார்" என்றார் மேடம், அவர் குரலில் முதல்முறையாகக் கண்டிப்பு. "வண்டி ஓடும்போது பேசக்கூடாது. அது நம்ம ரூல்." நிறுத்தினேன். பிறகு அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பூங்கொடி, கையில் கரண்டியோடு.

"ஒயரெல்லாம் சரியாயிடுச்சாங்க?"

"எலியே திருப்பி முடிச்சுப் போட்டுடுச்சு போலருக்கு."

"நல்ல எலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 17

எலி திரும்பி வந்துவிட்டது. காலையில் தனியாகப் பாலத்துக்கு ஓட்டிப் போனேன். முதல் கம்பம் வரை போய் ஓரமாக நின்றுவிட்டேன். பின்னால் வந்த மணல் லாரிக்காரன் என் பரம்பரையையே விசாரித்தான். அவன் போனபிறகு மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வடை வேண்டாம் என்று தோன்றியது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23

தோற்றுப்போனதை விவரமாகச் சொன்னேன். மேடம் ஆறுதல் சொல்லவில்லை. "முதல் கம்பம் வரைக்கும் போனீங்களா? பங்குனிக்கு அப்புறம் அது எத்தனாவது தடவை?" என்றார். முதல் தடவை. பிறகு, "அன்னைக்கு முடியலைன்னா என்ன செய்யலாம்னு இப்பவே பேசி வச்சுக்கலாமா? அத யார்கிட்டயாவது சொல்லி வைக்க முடியுமா?" என்றார்.

மாலையில் நித்திலாவிடம் போனேன். தைத்து வந்த ரவிக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அவள் அப்பா கடைசியாகச் சிரித்ததையும் சேர்த்து. அவள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். அந்தப் படிப்பு எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

"நடுப்பாலத்துல நின்னுட்டா என்ன பண்றது பாப்பா?"

"நில்லுங்க மாமா. பின்னால வேன்ல டிரைவர் வருவாரு, அவர் ஓட்டட்டும். தாலி கட்டறது காலையிலதான், ராத்திரி பூரா நேரம் இருக்கு."

இதற்குப் பெயர்தான் பெருந்தன்மை. ராஜராஜன் ஆட்சியில் பிறந்திருந்தால் இவளுக்கு நான்கு ஊர் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 28

மண்டபத்தில் மணமகள் அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நாதஸ்வரம்.

ஐராவதத்துக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். பின்சீட்டில் அக்காவும் பூங்கொடியும் பெண்ணுக்கு நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நித்திலா முன்கதவைத் திறந்தாள்.

"ஏண்டி, பொண்ணு முன்னாடி உக்கார கூடாதுடி!" என்றாள் அக்கா.

"இது அப்பா சீட்டும்மா" என்று சொல்லி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அக்கா தன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாலம் வந்ததும் வாயுத்தொல்லை வந்தது. சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். பயம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன். வாத்தே முந்திப்போகும் வேகம். பின்னால் மேள வேன், உறவுக்காரர் வேன், பஸ், டெம்போ, அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள்.

"மாமா, ஆறு என்ன கலரு?" என்றாள் நித்திலா மெதுவாக.

"சாயங்கால சுக்குக் காப்பி."

"வானம்?"

"பழுத்த பப்பாளி. ஓரத்துல கொஞ்சம் மயில் கழுத்து."

"எருமை?"

பின்சீட்டில் வளையல் சத்தம் நின்றது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஒருத்தர் கடைக்கு எருமைய ஓட்டிட்டு வந்தாரு. இதே கலர்ல கேட்டுக்கு பெயிண்ட் வேணும்னாரு. நான் ஷேடு கார்டை எடுத்து எருமை முதுகுல வச்சு வச்சுப் பாக்கறேன். அது திரும்பி கார்ட புடுங்கி முழுசா தின்னுடுச்சு."

கம்பங்கள் வந்தன, போயின.

"மறுநாள் காலையில அந்த ஆளு மறுபடியும் வந்து நிக்கறாரு. 'அண்ணே, எருமை மூணு கலர்ல சாணி போட்டிருக்கு. எனக்கு ரெண்டாவது கலரு ரொம்ப புடிச்சிருக்கு, அதுலயே ஒரு லிட்டரு குடுங்க'ன்னாரு."

காத்திருந்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள் நித்திலா. "இதுக்கா எங்கப்பா அப்படி சிரிச்சாரு?" பிறகு அவளுக்கே தாங்கவில்லை. நெற்றிச்சுட்டி ஆட, மல்லிகை உதிர, கண் மையெல்லாம் கரைய, அவள் அப்பா மாதிரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்சீட்டில் அக்கா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். எல்லாக் கம்பத்திலும் சிரிப்பு இருந்தது. முசிறிக் கரையில் இறங்கும்போதும் நித்திலா, "ரெண்டாவது கலரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரத்தித் தட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கும்பிட்டார்.

"பாலத்துல யானை நடை மாதிரி கொண்டாந்தீங்களே, அது உங்க குடும்ப வழக்கமாங்க?"

"பல தலைமுறையா" என்றேன்.

"ரொம்ப கம்பீரம். எங்க வீட்டு பொண்ணுங்களுக்கும் இனிமே இப்படித்தான் பண்ணச் சொல்லணும்."

இனி வரும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அந்தப் பாலத்தில் டிராபிக் ஜாம் ஆகப்போகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆகஸ்ட் 30

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிகைப்படுத்தாமல் சொன்னேன், என் வாழ்க்கையில் முதல் தடவை. அடுத்த முறை பதினைந்து நாள் கழித்துப் பேசினால் போதும் என்றார். பயம் இனிமேலும் எட்டிப்பார்க்கலாம், வந்தால் என்ன செய்வது என்று எனக்கே தெரியும் என்றார். கடைசியில் கேட்டார், "எருமைக்கு ஷேடு கார்டு ஜீரணமாச்சா சார்?" ரொம்ப நேரம் சிரித்தோம்.

பேசி முடித்து உள்ளே வந்தேன். சாப்பாட்டு மேஜை மேல் தட்டில் மசால்வடை, மிளகு தூக்கலாக. பக்கத்தில் கிண்ணத்தில் சட்னி. எலிப்பொறியைக் கழுவிப் பரணில் போட்டிருந்தாள்.

"பூங்கொடி, எலிக்கு எதுக்குடி சட்னி வச்ச?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"சட்னி இல்லாம நீங்க என்னைக்குங்க வடை தின்னிருக்கீங்க?"